அறுபத்தொண்ணாம் காளை

மலரு, செல்வம்,

அப்பா என்ன வேலை பார்த்தேன் என்று உங்கள் ரெண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. செல்வம் நாலாவது படிக்கும்போது டீச்சர் கேட்டதற்கு, "எங்கப்பா மாட்டுக்கு ரத்தம் எடுப்பாரு" என்று சொல்லி, வகுப்பே சிரித்து, அழுதுகொண்டு வந்தான். மலர் அதைப் பார்த்துவிட்டு, அவளுடைய பள்ளிக்கூடப் படிவத்தில் "ஆபீஸ் வேலை" என்று எழுதிக்கொண்டாள். ரெண்டும் பொய்யில்லை. ஆனால் ரெண்டும் பாதிதான்.

போன மாதம் பழைய ஆபீசில் இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணியது. புதுசாகச் சேர்ந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் மாட்டின் காதில் பொட்டுப்போல ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினால் போதும், கம்ப்யூட்டரே ஆயிரக்கணக்கான மரபணுக் குறியைப் படித்து, விட்டுப்போனதையும் தானே நிரப்பிக்கொள்கிறதாம். "சார், உங்க பழைய பதிவேட்டுல அறுபத்தொண்ணுன்னு ஒரு காளை இருக்கு. அதுக்கு ரத்தம் எடுத்ததா எங்கேயும் இல்ல. ஆனா அதோட மரபணுக் குறி மட்டும் வரிசையா இருக்கு. இது எப்படி சார்?" என்று கேட்டது.

"அது போனில் சொல்ற கதை இல்லம்மா, எழுதித் தாரேன்" என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான், முதலில் உங்களுக்கு எழுதணும் என்று தோன்றியது.

நான் படித்தது பத்தாவது. அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்தேன், கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டைக் கட்டிப் பிடித்தேன், தொண்ணூற்றெட்டில் தேனி மாட்டுத் திட்ட ஆபீசுக்குத் தற்காலிக வேலைக்குப் போனேன். மலையடிவாரத்து மாடுகளில் எது நல்ல வித்து என்று கண்டுபிடித்து, அந்தக் காளைகளை ஊர் ஊராகப் பசுக்களோடு சேர்க்க, பொலிக்குக் கொடுப்பதுதான் திட்டம். எனக்கு வேலை ரெண்டு. ஒன்று, ரத்தம் எடுப்பது. இன்னொன்று, பதிவேடு எழுதுவது.

ரத்தம் எடுப்பதை லேசாக நினைக்காதீர்கள். மலைமாடு வீட்டு மாடு மாதிரி நிற்காது. கொம்பில் கயிறு போட்டு மரத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டி, தலையைத் திருப்பி, கழுத்துப் பள்ளத்தில் இடது கட்டைவிரலை அழுத்தினால் நரம்பு கயிறு மாதிரிப் புடைக்கும். அப்போது ஊசி. குழாயில் ரத்தம் வந்ததும் ஊதா மூடியை மூடி, மெதுவாக எட்டுத் தரம் கவிழ்த்து நிமிர்த்தணும். குலுக்கினால் போச்சு. பெயரைப் பென்சிலில் எழுதி ஒட்டணும். ஐஸ் தண்ணீர் பட்டால் பேனா மை ஓடிப்போகும். பிறகு ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆண்டிபட்டி வழியாக மதுரைக்கு. அங்கிருந்து வேறொருவர் வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது டாக்டர் சகுந்தலா அம்மா. அவர்தான் எங்கள் அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பிளேடு எடுத்துப் பென்சில் சீவுவார். பென்சில் எவ்வளவு கூராகிறதோ அவ்வளவு கோபம். பேனா தொடவே மாட்டார். "மாத்த வேண்டியது வரும் பாண்டி, மாத்த முடியாதபடி எழுதுற அளவுக்கு நமக்கு இன்னும் எதுவும் தெரியாது" என்பார். "இருக்கும்", "அப்படித்தான்" என்று சொன்னால் பிடிக்காது. "காட்டுங்க" என்பார், அவ்வளவுதான்.

பதிவேட்டில் அவர் போட்டுக் கொடுத்த கட்டங்கள் நாலு. கன்று எது, தாய் எது, தகப்பன் எது. நாலாவது, "யார் பார்த்தது?" காளை சேர்ந்ததை நான் பார்த்திருந்தால் "பார்த்தது" என்று எழுதணும். மாட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும் என்றால் "சொன்னது" என்று எழுதணும். அந்த நாலாவது கட்டம் எனக்கு வீண் வேலையாகத் தெரிந்தது. ஆனாலும் எழுதினேன். ஏழு வருசம் எழுதினேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில்தான் அந்த இடி விழுந்தது.

ஆய்வுக்கூடத்தில் இருந்து வரும் தாளில் ஒவ்வொரு மாட்டுக்கும் வரிசையாக எண்கள் இருக்கும். அந்த எண்கள்தான் குறி. ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு எண். ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தகப்பனிடமிருந்து. ஐஸ் உருகி ரத்தம் கெட்டிருந்தால் எண்ணுக்குப் பதிலாகச் சைபர் விழும். நம் வெயிலுக்கும் நம் பஸ்ஸுக்கும் சைபர் நிறையவே விழுந்தது. அந்த ஓட்டைகளைத் தாய் தகப்பனை வைத்துக் கம்ப்யூட்டரில் நிரப்பினார்கள். நிரப்பினது சரிதானா என்று பார்க்க, சில மாடுகளில் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினோம்.

ஒன்பது கன்றுகளில் நிரப்பினது அத்தனையும் தப்பு. அது மட்டுமா, நான் எழுதின தகப்பனுக்கும் அந்தக் கன்றுகளுக்கும் ரத்தமே ஒத்து வரவில்லை.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருத்தர் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். என் பதிவேட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

"எந்த மரத்தடியில உக்காந்து எழுதினாரு உங்க ஆளு? ஏழு வருசமா கதை எழுதியிருக்காரு. இதை நம்பி ஒரு காளையைத் தேர்ந்தெடுக்க முடியுமா? ரெண்டு மாசம் டயம் தர்றேன். இல்லேன்னா கம்பம் பள்ளத்து மாடு மொத்தத்தையும் திட்டத்துல இருந்து எடுத்துருவோம். இவரையும் நிப்பாட்டிருங்க."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை போவது ஒரு பக்கம். ஏழு வருசம் வெயிலில் ஒவ்வொரு தொழுவாக ஏறி இறங்கி எழுதினதைக் கதை என்று சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது.

எல்லோரும் போன பிறகு டாக்டரம்மா பென்சில் சீவினார். ரொம்ப நேரம் சீவினார். பிறகு பதிவேட்டைத் திறந்து, ஒன்பது கன்றுகளின் நாலாவது கட்டத்தில் விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார்.

"சொன்னது. சொன்னது. இதுவும் சொன்னது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒன்பதும் சொன்னது. நீங்க பார்த்ததுன்னு எழுதின ஒரு கன்னு கூடத் தப்பாகல பாண்டி. பொய் எழுதுறவன் இப்படி எழுத மாட்டான். எல்லாத்தையும் பார்த்தேன்னுதான் எழுதுவான். போங்க. போய் உங்ககிட்ட சொன்னவங்களைக் கேளுங்க."

ஒன்பது கன்றும் மூன்று பேர் தொழுவில் பிறந்தவை. முதல் ரெண்டு பேரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணாத குறையாக, "எங்க காளைதான்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீரம்மா. புருசன் செத்த பிறகு எண்பது உருப்படி மாட்டைத் தனியாக மேய்த்த பொம்பளை. மாட்டை அதட்டுகிற குரலில்தான் மனுசனிடமும் பேசும்.

"ஆத்தா, ஒங்க செவலைக் கன்னுக்குத் தகப்பன் யாரு?"

"எங்க மயிலைக் காளைதான். பொறந்தப்பவே சொன்னேன்ல. எழுதுனியே, கறையான் அரிச்சிருச்சா?"

"ரத்தம் ஒத்து வரல ஆத்தா."

"ரத்தம் என்ன சொல்லுதாம்?"

"வேற காளைன்னு சொல்லுது."

வீரம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தது. "ஏலே பாண்டி, நீ இந்த ஊர்க்காரன்தான? மெட்ராஸ்ல இருக்குற மெசினுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையா?" என்று கேட்டு, மோவாயை மட்டும் அந்தப் பக்கம் தூக்கிக் காட்டியது.

அந்தப் பக்கம் கருப்பசாமி கோயில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காரிக்காளை ஒன்று இருந்தது. கயிறு கிடையாது, கட்டு கிடையாது. எந்த வயலிலும் மேயும், யாரும் விரட்ட மாட்டார்கள். எந்த மாட்டுக்கிடையிலும் போய்ப் படுக்கும். அது எந்தப் பசுவோடு சேர்ந்தாலும் பார்த்தவர் தலையைத் திருப்பிக்கொள்வார். அதுதான் தகப்பன் என்று வாயால் சொல்லிவிட்டால், பிறப்பது காளைக்கன்றாக இருந்தால் கோயிலுக்கு விட்டுவிடணும். அது முறை. அதனால் யாரும் சொல்வதில்லை. தங்கள் காளை பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்பவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

மாட்டுக்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. தப்பு என்னுடையது. அந்த மலையடியில் இருந்த காளைகளை எண்ணி அறுபது என்று பட்டியல் போட்டவன் நான். அந்தக் காரிக்காளைக்கு என் கையாலேயே வாழைப்பழம் கொடுத்திருக்கிறேன், திமிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். ஒரு நாள்கூட அதைக் காளை என்று எண்ணணும் என்று தோன்றவில்லை. சாமியை யாராவது உருப்படியில் சேர்ப்பார்களா? வெளியூர்க்காரன் ஒருத்தன் பட்டியல் போட்டிருந்தால் முதல் நாளே அதைச் சேர்த்திருப்பான்.

"சரி ஆத்தா, இப்ப அதுகிட்ட ரத்தம் எடுக்கவும் முடியாதே" என்றேன். முந்தின ஐப்பசி மழையில் அது செத்துப்போயிருந்தது. மாலை போட்டு, கொட்டடித்து, கோயிலுக்குப் பின்னால் அடக்கம் பண்ணியிருந்தார்கள். நானும் மண் தள்ளினேன்.

தேனிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"ஆக, உங்க பட்டியல்ல ஒரு காளை விட்டுப்போச்சு."

"ஆமாம்மா."

"ஏன்?"

"அது சாமிம்மா."

அவர் சிரிக்கவில்லை. பென்சிலையும் சீவவில்லை. பட்டியலின் அடியில் 61 என்று எழுதினார். "பேரு வேண்டாம். கோயில்னும் எழுத வேண்டாம். யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது. நம்பர் மட்டும் போதும். இப்போ இது ஒரே காளைதான்னு எனக்குக் காட்டுங்க."

செத்துப் புதைத்த காளையை எப்படிக் காட்டுவது? "பிள்ளைங்க ஒன்பது பேர் இருக்காங்களே" என்றார். ஒவ்வொரு கன்றிலும் தாயிடமிருந்து வந்த எண்ணைக் கழித்துவிட்டால், மிச்சம் இருப்பது தகப்பன் கொடுத்தது. அதை வரிசையாக எழுதச் சொல்லி, ஒன்பது கன்றின் தாள்களையும் தாய்களின் தாள்களையும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒரே எண் மயம். இங்கே சைபர், அங்கே சைபர். தலை சுற்றியது. உங்கள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவள் ஆண்டிபட்டிப் பக்கம் தறிக்கார வீட்டில் பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

"என்னங்க இது, தாயக்கட்டமா?"

பொறுமையாகச் சொன்னேன். தகப்பனிடம் ரெண்டு வரிசை இருக்கும், கன்றுக்கு அதில் ஒன்றுதான் வரும், பக்கத்துப் பக்கத்துக் குறி எல்லாம் சேர்ந்தேதான் வரும், நடுவில் சில இடம் தெரியவில்லை என்றேன்.

"அம்புட்டுத்தானா? ரெண்டு தறி ஓடுற வீடு. ஒவ்வொரு தறிக்கும் ஒவ்வொரு கரை. சேலை நடுவுல கிழிஞ்சிருந்தா என்ன? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரையைப் பார்த்தா எந்தத் தறின்னு தெரிஞ்சிரும். தறி தெரிஞ்சா, கிழிஞ்ச எடத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியாதா? இதுக்கா தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக?"

மறுநாள் சார்ட் பேப்பர் வாங்கி வந்து பட்டை பட்டையாக வெட்டினேன். ஒவ்வொரு கன்றுக்கும் தகப்பன் கொடுத்த வரிசையை ஒரு பட்டையில் எழுதி, தெரியாத இடத்தைக் கத்தரித்து ஓட்டையாக்கினேன். பிறகு பட்டையின் மேல் பட்டையை வைத்துப் பார்த்தேன். ஒன்றின் ஓட்டைக்குள் இன்னொன்றின் எண் எட்டிப் பார்த்தது. நாலு பட்டை ஒரு மாதிரி. நாலு பட்டை இன்னொரு மாதிரி. ரெண்டு தறி! ஒரே காளை! எழுந்து நின்று கைதட்டிவிட்டேன்.

ஒன்பதாவது பட்டை ரெண்டிலும் சேரவில்லை.

மூன்றாவது வரிசை என்றால் இன்னொரு காளை. இன்னொரு காளை என்றால் அதிகாரி சொன்ன மாதிரி எல்லாமே கதைதான். ரெண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பட்டையை மடக்கிப் பார்த்தேன். பாதி வரைக்கும் முதல் தறி. பாதிக்கு மேல் ரெண்டாம் தறி.

"நூல் அறுந்துருக்கும். அடுத்த தறி நூலோட முடிச்சுப் போட்டு ஓட்டியிருப்பாக" என்றாள் உங்கள் அம்மா.

டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி அதையே சொன்னேன். அவர் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உங்க வீட்டம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவதும்மா."

"இதை நாங்க காலேஜ்ல மூணாம் வருசம் படிச்சோம். சில நேரம் நடுவுல அறுந்து மாறி ஒட்டிக்கும்" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. பெரிய அதிகாரி விடவில்லை. "நிரப்பத் தெரியுதுன்னா நிரப்பிக் காட்டுங்க" என்று அந்த ஒன்பது கன்றுகளில் இதுவரை சரிபார்க்காத பன்னிரண்டு ஓட்டைகளை அவரே பொறுக்கினார். எண்களை நாங்கள் முன்னாலேயே எழுதி ஒட்டின கவரில் கொடுக்கணும். அதன் பிறகு வேறு ஆள் வந்து புதுசாக ரத்தம் எடுத்து, அவரே கொண்டுபோவார். நான் மாட்டைப் பிடிக்கலாம், குழாயைத் தொடக்கூடாது.

கவரில் போடும் தாளை டாக்டரம்மா என் பக்கம் தள்ளினார். நான் பென்சிலை எடுத்தேன்.

"வேண்டாம்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார். மூடிகூடக் கழற்றாத புதுப் பேனா. "இன்னைக்கு இதுல எழுதுங்க."

பதினோரு இடத்துக்கு எண் எழுதினேன். பன்னிரண்டாவது ஓட்டை அந்த ஒன்பதாவது பட்டையில், நூல் அறுந்து மாறின இடத்திலேயே இருந்தது. முதல் தறியா, ரெண்டாம் தறியா, சொல்ல வழியில்லை.

"என்னம்மா எழுத? பாதிக்குப் பாதி, ஏதாவது ஒண்ணைப் போட்டுருவோமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அதையே எழுதுங்க."

பன்னிரண்டு: தெரியாது. மையில் எழுதினேன்.

கூட்டத்தன்று ஆய்வுக்கூடத்துத் தாளை அதிகாரி கையில் வைத்துக்கொண்டு, கவரைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். முதலாவது சரி. ரெண்டாவது சரி. அஞ்சாவது வரைக்கும் அவர் குரலில் ஒரு நக்கல் இருந்தது. ஏழாவதில் அது போய்விட்டது. ஒன்பதாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினொன்றும் சரி. பன்னிரண்டில் நிறுத்தினார்.

"இது என்ன, தெரியாதுன்னு எழுதியிருக்கு?"

"தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான் சார், அதை ஒத்துக்கிட்டோம்" என்றார் டாக்டரம்மா.

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அதிகாரி என் பதிவேட்டை இழுத்து, மெதுவாகத் திறந்து, நாலாவது கட்டத்தில் கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டினார். பிறகு, "இதை எழுதினவர் எங்கே?" என்றார்.

வாசலில் நின்ற என்னை டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். அதிகாரி எழுந்து கை கொடுத்தார். "நான் அன்னைக்கு மரத்தடின்னு சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "மரத்தடியிலதான் சார் எழுதுனேன். அங்கனதான் மாடு நிக்கும்" என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அறையே சிரித்தது. செல்வம், உன் வகுப்பு சிரித்தது போலில்லை இது. கைதட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

கம்பம் பள்ளத்து மாடு திட்டத்திலேயே நிலைத்தது. அடுத்த வருசம் என் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது. அறுபத்தொண்ணாம் காளையின் பிள்ளைகளில் இருந்தே முதல் பொலிகாளையைத் தேர்ந்தெடுத்தார்கள். வீரம்மாவின் செவலைதான் அது. வண்டியில் ஏற்றும்போது அதன் நெற்றியில் வீரம்மா குங்குமம் வைத்தது.

"கோயிலுக்கு விடாம ஒளிச்சு வச்சியே ஆத்தா, சாமி கோவிக்காதா?" என்று கிண்டல் பண்ணினேன்.

"போடா போக்கத்தவனே. இங்கன விட்டிருந்தா ஒரு ஊரு மேஞ்சிருக்கும். இப்ப ஊர் ஊராப் போகுதுல்ல? சாமிகிட்ட நான் பேசிக்கிட்டேன். ஒன்னைப் பத்திக்கூடச் சொல்லிருக்கேன், ஏழு வருசமா ஒன்னைய எண்ண மறந்த பய ஒருத்தன் இருக்கான்னு."

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு உத்தமபாளையம் ரோட்டில் ஏறியது. எல்லோரும் கலைந்து போனார்கள். நான் மட்டும் கோயிலுக்குப் பின்பக்கம் போனேன். காரிக்காளையைப் புதைத்த மேட்டில் புல் முளைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் காலையிலேயே போட்டு வைத்திருந்த காது வில்லையை எடுத்தேன். மஞ்சள் வில்லை, அறுபது காளைகளுக்கும் நான் போட்ட அதே வில்லை. அதில் 61 என்று ஆபீசிலேயே எழுதியிருந்தேன், அழியாத மையில். ஒரு சாண் ஆழத்துக்குக் கையால் மண்ணைத் தோண்டி, தலை இருக்கும் பக்கமாக அதை வைத்து மூடினேன். காலால் மிதிக்கவில்லை. உள்ளங்கையால்தான் அமுக்கினேன். பிறகு கையில் ஒட்டின மண்ணைத் தட்டாமலே பஸ் ஏறினேன்.